ஆறு நாற்காலிக்கு ஒரு மெர்சிங்

காலை மணி ஆறு ஐம்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது சேற்றில் நட்டிருந்த குச்சிகளின் வரிசை. ஏழாவது குச்சியின் மேல் ஒரு கொக்கு நின்றது. மெர்சிங் ஆறு கடலில் சேரும் இடம் அது. நீர் வற்றியிருந்தது. இடப்பக்கம் சேறும் கடலும். எதிர்க்கரையில் மீன்பிடிப் படகுகள். வலப்பக்கக் கடைசியில் ஐஸ் கொட்டகை, அதன் வாசலில் ஒரு லோரி.

என்னை அழைத்து வந்தவர் பத்து பாகாட் ஊரில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண்மணி. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. விடுமுறை நாட்களில் அகலமான நிலக்காட்சிப் படங்கள் எடுப்பார். அன்று காரோட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் இருபத்தாறு ஆண்டுகள் நாளிதழில் செய்தியும் படமும் அடுக்கிப் பக்கம் கட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். எனக்கு நேரம் இருந்தது.

படம் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய கணவர் பல ஆண்டுகள் மெர்சிங்கிலிருந்து மீன் ஏற்றிய லோரி ஓட்டியவர். இப்போது வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், எங்கள் ஊர் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் படுத்திருக்கிறார். மீதி நாட்களில் நெடுந்தூரம் காரில் உட்கார உடம்பு இடம் தருவதில்லை. மையத்தில் ஆறு நாற்காலிகள், அவற்றுக்கு எதிரே முப்பத்தாறு அடி நீள வெள்ளைச் சுவர். முன்பு அதில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. மலாய் நாடகமா, சீன நாடகமா, தமிழ்த் தொடரா என்ற சண்டை முற்றிப்போய் நிர்வாகத்தினர் அதைக் கழற்றிவிட்டார்கள். யாருக்கும் சண்டை வராத ஒரு படத்தை ஒட்டலாம் என்று முடிவானது. கணவர் கேட்டது ஒன்றுதான். அவருடைய ஆறாவது நாற்காலியிலிருந்து பார்த்தால் ஐஸ் கொட்டகை தெரிய வேண்டும். இயந்திரம் இடப்பக்கம் இருப்பது அந்த நாற்காலியில் மட்டும்; ஊசி ஏறுவது அவருக்கு இடக்கையில். அதனால் அவரை வேறு இடத்துக்கு மாற்ற முடியாது.

மெர்சிங் கரையில் அவர் மனைவி முக்காலியை ஊன்றி, மட்டம் காட்டும் குமிழி நடுவில் நிற்கும் வரை கால்களைத் திருகினார். கேமராவை நெட்டாக நிறுத்தினார். அகலப் படத்துக்கு ஏன் நெட்டாக என்று கேட்டேன். மேலும் கீழும் மிச்சம் கிடைக்கும் என்றார். சூரியன் எழுந்தால் கடல் பக்கம் வெளுத்துவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும். ஒரு படகு கடலிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது, இடமிருந்து வலமாக. அவர் வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கம் நகர்ந்தார். படகு போகும் திசையிலேயே எடுத்துக்கொண்டு போனால் அதே படகு இரண்டு மூன்று முறை விழுமாம். எதிர்த்திசையில் போனால் ஒரே இடத்தில் கடந்துவிடும். பதினோரு படங்கள். ஒவ்வொன்றிலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு திரும்ப வந்தது. பிறகு இரண்டு கோடிகளுக்கும் அப்பால் ஒவ்வொரு படம் கூடுதலாக. கொக்கு கடைசி வரை நகரவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் நான் படக்காரர்களோடு பழகியவன். இவ்வளவு குறைவாக அசைந்து வேலை செய்த ஒருவரைப் பார்த்ததில்லை.

மறுநாள் மாலை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துப் படங்களை இணைத்தார். இணைத்த படத்தின் ஓரங்கள் நேராக வருவதில்லை. மேலும் கீழும் நெளியும். வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டு என்ற சொல்லைக் கேட்டதும் என் கை தானாக முன்னே போனது. பத்திரிகையில் ஒரு படத்தில் செய்தி எங்கே இருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவோம். இடப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு வெறும் சேறும் குச்சியும் என்று சொன்னேன். அதை எடுத்துவிட்டால் படகுகளும் கொட்டகையும் பெரிதாகத் தெரியும் என்றேன். மிச்சத்தைச் சுவர் நீளத்துக்குப் பெரிதாக்கலாம் என்று அளவுக்கும் ஒரு வழி சொன்னேன்.

சோபாவில் சாய்ந்திருந்த கணவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அண்ணன் எதையாச்சும் வெட்டாம தூங்க மாட்டாரு லா. பேப்பர்ல என் கல்யாணப் படத்தையே பாதியா வெட்டினவரு."

அது உண்மை. வெட்டுப்பட்ட பாதியில் அவருடைய மாமனார் இருந்தார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. "எங்க எக்ஸ்ரே வேலையில, வெட்டணும்னா எடுக்கறதுக்கு முன்னாடி வெட்டிடணும்ணே. எடுத்துட்ட பிறகு ஓரத்த வெட்டினா, நோவு அந்த ஓரத்துலதான் இருக்கும்."

அப்படியானால் இங்கே ஏன் இவ்வளவு கூடுதலாக எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"இது உடம்பு இல்லயே. கூட எடுத்தா யாருக்கும் கெடுதல் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மையம் மூடியிருக்கும். சாவியை வாங்கிக்கொண்டு என்னை அங்கே கூட்டிப் போனார். முதல் நாற்காலியில் உட்காரச் சொன்னார். கையை அசைக்கக் கூடாது என்றார். உட்கார்ந்தேன். எதிரே தெரிந்தது சுவரின் இடக்கோடி, ஏறக்குறைய ஆறு அடி. மற்றதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். நான்கு மணி நேரம் அப்படித் திருப்பிக்கொண்டு இருக்க முடியாது. இரண்டாவது நாற்காலி, மூன்றாவது என்று ஆறிலும் உட்கார வைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மெர்சிங்குக்குப் போவதற்கு முன்பே போட்ட கணக்கு அது. முதல் நாற்காலிக்குக் குச்சிகளும் கொக்கும். இரண்டாவதுக்குக் கடலும் தொலைவில் ஒரு தீவும். மூன்றாவதுக்கு உள்ளே வரும் படகு. நான்காவது, ஐந்தாவதுக்குக் கரையில் கட்டிய படகுகள். ஆறாவதுக்கு ஐஸ் கொட்டகை. கொக்கு மட்டும் கணக்கில் இல்லை. தாளில் குச்சி என்றுதான் இருந்தது.

முதல் நாற்காலியில் வருபவர் ஒரு மலாய்க்கார ஆசிரியை என்றும், அவர் யாரோடும் பேசமாட்டார் என்றும் சொன்னார். நான் வெட்டச் சொன்னது அந்த அம்மாவின் நான்கு மணி நேரத்தை. ஒரே படத்துக்குள் ஆறு படம் கட்டிய பக்கத்தை நான் அதுவரை கண்டதில்லை. என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அச்சுக்குக் கொடுக்க இரண்டு நாள் இருந்தபோது மையத்திலிருந்து அழைப்பு வந்தது. தண்ணீர் வடிகட்டிகளைச் சுவரின் வலக்கோடியில் வைத்துவிட்டார்கள். ஆறடி அகலம், ஒரு அடி ஆழம், கூரை வரை உயரமான சாம்பல் நிற இரும்பு அலமாரி. சுவரில் மிஞ்சியது முப்பது அடி. வலப்பக்கம் ஆறடியை வெட்டிவிடுங்கள், அங்கே ஒரு லோரிதானே இருக்கிறது என்று நிர்வாகத்தில் ஒருவர் சொன்னாராம்.

கணவரிடம் சொன்னபோது "அலமாக்" என்று மலாயில் நொந்துகொண்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று என் மனைவி வந்து சொன்னார்.

மறுநாள் மருத்துவமனை வேலை முடிந்ததும் அவர் மனைவி அளவு நாடாவோடு மையத்துக்குப் போனார், நானும் போனேன். அலமாரியின் கதவுகள் இரண்டும் தட்டையாக இருந்தன. அவர் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"ஸ்டிக்கர்தானே, இரும்புல ஒட்டாதா?"

கதவுகளின் மேலேயே படம் தொடரும் என்றானது. மூன்று சிக்கல்கள் இருந்தன. அலமாரி ஒரு அடி முன்னே நீட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்க நாற்காலிகளில் இருப்பவர்களுக்கு அதன் சாம்பல் நிறப் பக்கம் தெரியும். அந்த ஒரு அடிக்கு, அதை ஒட்டியுள்ள ஆற்று நீரையே மறுபடியும் அச்சிடச் சொன்னார். அகலப் படத்தில் எடுத்ததையே திரும்ப எடுப்பது குற்றமில்லை. இரண்டாவது, கதவுகள் சேரும் இடைவெளி லோரியின் நடுவில் விழுந்தது. முழுப் படத்தையும் நான்கு அங்குலம் இடப்பக்கம் தள்ளினார். இடைவெளி கொட்டகைத் தூணில் போய் நின்றது. வலக்கோடியில் வெறுமையான நான்கு அங்குலத்துக்கு, அன்று கூடுதலாக எடுத்த படத்திலிருந்து கொஞ்சம் வந்தது. இடக்கோடியில் நான்கு அங்குலம் சேறு போயிற்று. நான் வெட்டச் சொன்ன பக்கத்தில் வெட்டப்பட்டது அவ்வளவுதான். மூன்றாவது, கதவின் கைப்பிடி; அதற்கு அவராலும் எதுவும் செய்ய முடியவில்லை. அது கொட்டகையின் கூரை ஓரத்தில் இருக்கிறது.

விளம்பரப் பலகை செய்யும் கடைக்காரர்கள் ஞாயிறு முழுவதும் ஒட்டினார்கள். ஒன்பது துண்டுகள். இணைந்த இடங்களை நான் மூக்கு உரசும் தூரத்தில் நின்று தேடினேன். இரண்டை மட்டும் கண்டுபிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை கணவரை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். ஊசி போட்டு முடியும் வரை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். தாதி வந்து ரத்த அழுத்தம் குறித்துக்கொண்டு போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"லோரிய கோணலா நிறுத்தியிருக்கான் பாருங்கண்ணே. நான்னா இன்னும் ஒரு அடி உள்ள விட்டிருப்பேன்."

முதல் நாற்காலியில் அந்த ஆசிரியை குச்சிகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

வடிகட்டி மாற்ற வியாழக்கிழமை காலையில் கொட்டகை ஒட்டிய அந்தக் கதவுகளைத் திறந்து வைக்கிறார்கள். கணவருக்கு முறை செவ்வாய், வியாழன், சனி, காலை வேளை.