பிள்ளையாரும் ஜப்பான் ட்ரம்ஸும்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் மகள் இன்று எங்கள் ஊர் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து முதன்முதலாக ஃப்ரீவேயில் ஓட்டினாள். பக்கத்து சீட்டில் நான்.

எங்கள் காரில் முதல் பாட்டு எப்போதும் பிள்ளையாருக்குத்தான். இன்று அவள் போட்டது, தோழி சிபாரிசு செய்த ஜப்பான் பேண்ட். பாட்டு, கிட்டார், ட்ரம்ஸ் எல்லாமே பெண்கள். கார் கண்ணாடி அதிர்ந்தது.

"இட் கீப்ஸ் மீ காம், மா" என்றாள். இதைக் கேட்டால் பதற்றமே வராதாம்.

ஃப்ரீவேயில் சேரும் ராம்ப்பில் ஏறும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ரோட்டைப் பாத்து ஓட்டுடி" என்று பாட்டை மாற்றிப் பிள்ளையாரைப் போட்டேன்.

அவ்வளவுதான். பிரேக்கை மிதித்துவிட்டாள். ராம்ப் முடியப் போகிறது. பின்னால் ஒரு ட்ரக் டிரைவர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை.

"அம்மா, புட் இட் பேக்! ஐ நீட் த ட்ரம்ஸ்!"

மறுபடி மாற்றினேன். ட்ரம்ஸ் அடி விழுந்ததும் அவள் வேகமெடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் லேனில் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தது.

"யூ ஓகே, மா?" என்று என்னைக் கேட்கிறாள்!

பிள்ளையாரே, கோபிக்காதே. கண்ணை மூடியபோது உன்னைத்தான் கூப்பிட்டேன்.

மக்களே, ஜப்பான் பெண்கள் பேண்ட் பாட்டு வேறு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். நாளை, இரண்டு கார்களுக்கு நடுவே ஓரமாக நிறுத்தும் பேரலல் பார்க்கிங் பயிற்சி. கொஞ்சம் மெதுவான பாட்டாக இருந்தால் பக்கத்து வீட்டுக் காருக்கு நல்லது.