போடியாரின் நாக்கில் இருந்த வெள்ளை

ஆசுபத்திரி வார்ட்டில் அற்றென்டனாக இருந்தவனுக்குத் தரை துடைப்பது பாதி வேலை, நோயாளிக்குப் பக்கத்தில் நின்று கதை விடுவது மீதி வேலை. வாளியோடும் தாதி மிஸ்ஸிமாரோடும் மாரடித்த என் சக பாவிகளுக்கு இது விளங்கும். மற்றவர்களும் வாசிக்கலாம்; என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

சிலிண்டர் சவாரி

கடல் ஊருக்குள் வந்த அன்று நான் கல்லடியில் மச்சான் வீட்டுக் கூரையில் இருந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். உண்மை அவ்வளவுதான். ஆனால் சில வருசம் கழித்துப் புற்றுநோய் வார்ட்டுக்கு மாறிப் போனபோது, முடி கொட்டின ஆட்களுக்கு முன்னால் அந்த உண்மையை வைத்து என்ன செய்ய? ஒட்சிசன் சிலிண்டரைக் கட்டிப்பிடித்து வாவியைக் கடந்தேன், நடுவில் ஒரு முதலையும் பின்னால் தொத்திக்கொண்டது, கரையில் இறங்கி எனக்குத் தலையாட்டிவிட்டுப் போனது என்று எடுத்துவிடுவேன். சேலைன் ஏறுகிற கையோடு சிரிப்பார்கள்.

பதினோராம் கட்டிலில் சித்தாண்டிப் போடியார் ஒருவர். பெரிய வயல் வட்டையும் ஒரு பட்டி எருமையும் உள்ள மனிசன், இரத்தத்தில் புற்றுநோய். அவர் மட்டும் சிரிக்காமல் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சிலிண்டர் இரும்பு, தண்ணிக்குள்ள தாண்டுபோயிரும். முதலையப் பிடிச்சு நீந்தினெண்டு சொல்லு மனே, நம்பலாம்."

கோயில் பூ

போடியாரின் மனைவி முருகன் கோயில் பூவும் திருநீறும் கொண்டுவந்தா. மிஸ்ஸி வாசலிலேயே பூவை வாங்கி வெளியே வைத்துவிட்டா. எங்கள் மிஸ்ஸி டவுணில் மெதடிஸ்த குடும்பம். "வேதக்காரிக்கு முருகன்ட பூ ஆகாதோ?" என்று அந்த அம்மா பொரிந்து தள்ளினா.

மிஸ்ஸி கோபப்படவில்லை. மருந்து ஏற்றினால் புற்றுநோயோடு சேர்த்து உடம்பின் காவல்காரரும் செத்துப்போவார்கள், ஈரமண், பழைய தூசி, வாடின பூ எல்லாவற்றிலும் உள்ள பூஞ்சணம் அந்த நேரம் பார்த்து உள்ளே நுழையும் என்று சொன்னா. நானும் பெரிய டொக்டர் மாதிரிப் பக்கத்தில் நின்று, அதையே அந்த அம்மாவுக்கு இரண்டாம் தரம் விளங்கப்படுத்தினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எனக்குத் தெரிந்திருந்தது. மிஸ்ஸி கடைசியாகச் சொன்னது: "அக்கா, யேசுநாதர்ட படத்துக்கு வெச்ச பூவெண்டாலும் வெளியதான்."

கேரியர்

மருந்து ஏறின பிறகு போடியாருக்குச் சோறு மண் மாதிரி இருந்தது. கேட்டதெல்லாம் எருமைத் தயிர். வார்ட்டில் அது கூடாது. சண்டை ஓய்ந்து கொண்டிருந்த காலம், நான் வாற வழியில் இன்னும் செக்பொயின்ட் இருந்தது. ஆமிக்காரன் திறந்து பார்த்து மூடின என் சாப்பாட்டுக் கேரியரை வார்ட்டில் ஒருத்தரும் திறக்கவில்லை. சந்தியில் வாங்கின தயிரை நடுத் தட்டில் வைத்துக் கொண்டுபோய், திரையை இழுத்துவிட்டு, "உங்கட பட்டித் தயிர் போடியார்" என்று மூன்று கரண்டி ஊட்டினேன். கண்ணை மூடி விழுங்கினார்.

"இது எங்கட எருமை இல்ல மனே. ஆனா நல்ல எருமை."

வெள்ளை

தினமும் இப்படித் தயிர் ஊட்டி வந்த நாலாம் நாள் காலை அவர் நாக்கு வெள்ளையாகக் கிடந்தது. தயிர் என்று நினைத்தேன். மிஸ்ஸி கண்டால் என் உத்தியோகம் போச்சு. டொக்டர் சுற்றி வருமுன் விரலில் கோஸ் துணியைச் சுற்றி நாக்கையும் கன்னத்து உட்புறத்தையும் தேய்த்துவிட்டேன். அடுத்த நாளும் வெள்ளை. தயிரை நிறுத்தினேன். மறுகாவும் வெள்ளை. "எருமைத் தயிர் தடிப்பு, லேசில போகாது" என்று அவருக்கும் சொல்லி எனக்கும் சொல்லிக்கொண்டேன். மனிசன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயைத் திறந்து தந்தார். இப்படி ஐந்து நாள்.

தேய்க்கத் தொடங்கின ஆறாம் நாள் கஞ்சித் தண்ணியும் இறங்கவில்லை. காய்ச்சல் கொதித்தது. மிஸ்ஸி டோர்ச் அடித்துப் பார்த்தா. "அது தயிர் மிஸ்ஸி" என்று என் வாய் முந்திக்கொண்டது. அவ நாக்கை மெல்லத் துடைத்து, கோஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"தயிரெண்டா கொப்புளிக்கப் போயிரும். இது பங்கசு, அந்தப் பூஞ்சணம்தான், தொண்டைக்குள்ளயும் இறங்கிட்டு. துடைக்கக்குள்ள ரத்தம் வந்திருக்குமே அண்ணன், நீங்க காணல்லையா?"

டொக்டர் கேட்டது

கண்டேன். ஐந்து நாளும் கண்டேன். சிவப்பு வெளியே தெரியாமல் மடித்துக் குப்பைப் பையில் போட்டேன்.

டொக்டர் வந்தார். புற்றுநோய் மருந்தை நிறுத்தி, பூஞ்சணத்துக்கு ஊசி மருந்து ஏற்றச் சொன்னார். நான் உளறின தயிர்ப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. "தயிர் ஆர் குடுத்த?" என்று கேட்டார். மிஸ்ஸி என்னைப் பார்த்தா. சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றா. நான் சேலைன் தாங்கியின் அடியில் உருளுகிற சில்லைப் பார்த்தேன். எச்சில் விழுங்க முடியாத போடியார்தான் வாயைத் திறந்தார்: "வீட்டாக்கள். நான்தான் கேட்டு எடுப்பிச்ச." அன்று பார்க்க வந்த போடியாரின் மனைவியை டொக்டர் வார்ட்டே கேட்க ஏசினார். ஒரு பூவைக்கூட உள்ளே கொண்டுவராத மனிசி, ஒன்றும் விளங்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றா.

பூஞ்சணம் தயிரால் வந்ததில்லை, மறைத்ததால்தான் இவ்வளவுக்கு முற்றியது என்று மிஸ்ஸி பிறகு என்னிடம் தனியாகச் சொன்னா. மூன்று கிழமை புற்றுநோய் மருந்து நின்றது. வாய் ஆறி, கஞ்சி இறங்கி, போடியார் வீட்டுக்குப் போனார். ஒரு வெள்ளாமை வெட்டினார். அடுத்ததற்கு அவர் இல்லை. அந்த மூன்று கிழமைக்கு அதில் எவ்வளவு பங்கு என்று நான் ஒரு டொக்டரிடமும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகிற அன்று அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது, "ஏன் போடியார் எனக்காகப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீ போனா அடுத்த கட்டிலுக்கு ஆரு மனே கதை விடுற? ஆனா என்ட மனிசியிட்ட ஒருக்காப் போய் உண்மையச் சொல்லிரு."

இங்கிருந்து சித்தாண்டிக்கு பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். நான் இன்னும் போய்ச் சேராமல் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.