பரம் அண்ணை கழற்றிய பற்றறி

பரம் அண்ணை காலமான செய்தி, றிச்மண்ட் ஹில் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது வந்தது. சொன்னவர் கண் கலங்கினார். நான் கலங்கவில்லை. பிறகு அவருடைய மகள் கௌரி அழைத்து, நினைவு மலருக்கு நானும் எழுதவேண்டும் என்றாள். எனக்கு அவரைப் பிடிக்காதே என்றேன். "தெரியும் அக்கா. எல்லாரும் நல்லதாய்த்தான் எழுதித் தந்திருக்கினம். நீங்கள் உள்ளதை எழுதுங்கோ."

எழுதுகிறேன். மில்லிக்கனில் அவருடைய வீட்டின் நிலக்கீழ் பேஸ்மன்ரில் வாடகைக்கு இருந்தேன். வேலை தூரத்தில், பிறம்ரனில். வீட்டு முன்றலில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், நகர்த்துவதற்கென்று என் காரின் மற்றத் திறப்பை, அந்த உபரிச் சாவியை, அவர் வாங்கி வைத்திருந்தார். தண்ணீர்க் குழாயை எவ்வளவு திறப்பது என்பதற்கும் அவரிடம் சட்டம் இருந்தது. ஏன் என்று கேட்டால், "பிள்ளை, உமக்கு விளங்காது" என்பார். அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தக் குரலும் தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் புகைச் சோதனையில் தேறாமல் நம்பர்த் தகட்டைப் புதுப்பிக்க முடியாது. மாரிக் குளிரில் ஒருநாள் சோதனை நிலையம் என் காரைத் திருப்பி அனுப்பியது. பழுதில்லை, ஆனால் கார் 'ரெடி இல்லை' என்றார்கள். மெக்கானிக் விளக்கினார். காரின் கம்பியூட்டர் புகை தொடர்பான பாகங்களை ஓட்டத்தின்போது தானே ஒவ்வொன்றாகச் சோதிக்குமாம். அது முடிந்தால்தான் கார் ரெடி. இரவு முழுக்க ஆறிய எஞ்சினை ஸ்ராட் செய்து சற்று நிற்கவிட வேண்டும். பிறகு ஹைவேயில் ஒரே வேகத்தில் ஓடவேண்டும், தெருக்களில் நின்று நின்றும் போகவேண்டும். பெற்றோல் நிரம்பியும் இருக்கக்கூடாது, வற்றியும் இருக்கக்கூடாது. பற்றறியைக் கழற்றினால் எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்கும்.

அப்படியே ஓடினேன். மறுபடியும் ரெடி இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. தகடு காலாவதியானது. பஸ் மாறி மாறிப் பிறம்ரன் போய், பிந்திப் பிந்தி, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டேன்.

பிறகொரு சனிக்கிழமை, பொலிஸ் பிடித்தாலும் பரவாயில்லை, இன்னொருமுறை ஓடிப்பார்ப்போமென்று வழமைக்கு முந்தி, விடியவே வெளியே வந்தேன். பரம் அண்ணை என் காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பற்றறி வயரைப் பூட்டிக்கொண்டிருந்தார். என் காரில் ரேடியோவும் மணிக்கூடும் எப்போதோ செத்துவிட்டதால், இரவில் பற்றறி கழற்றப்பட்டதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இருக்கவில்லை.

"குளிருக்குப் பற்றறி செத்துப்போகும். இரவிலை கழட்டி விடியப் பூட்டுறன். நீர் எனக்கு நன்றி சொல்லவேணும்."

மெக்கானிக் சொன்னதைச் சொல்லி, இதனால்தான் வேலை போனது என்றேன். மெக்கானிக் கட்டின கதை உது என்றார். உமக்கு விளங்காது என்றார். அன்றைக்குத்தான் அவருக்கு முன்னால் முதல்முதலாகக் கத்தினேன். அவர் பொனற்றை மெல்லச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

அந்த மாதமே வேறு வீடு பார்த்துப் போனேன். அங்கே கொஞ்ச நாள் ஓட்டத்தில் கார் ரெடியானது, சோதனையிலும் தேறியது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கார்களுக்கு அந்தப் புகைச் சோதனையே நிறுத்தப்பட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. என்னை அடையாளம் கண்டு, "உம்மடை கார் பிறகு பாஸ் பண்ணினதோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப நான் கழட்டினதாலை ஒண்டும் கெட்டுப்போகேல்லை."

"என்ரை வேலை போச்சு, அண்ணை."

அவர் கௌரியிடம் தண்ணீர் கேட்டார்.

மன்னிப்பை அவர் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது கோபம் ஒன்றுதான். அவர் போனதால் அது குறையவில்லை. இனி அதை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.