சம்பந்தியம்மாளுக்கு ஒரு ஃபின்னிஷ் வாக்கியம்

என் மகள் ஃபின்லாந்தில் வேலை செய்கிறாள். அந்த ஊர்ப் பையனையே கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அவள் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "அவங்கம்மாவுக்கு இங்கிலீஷ் வருமா?" என்பதுதான். வராது என்றாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம். கணவர் இல்லை. காட்டோரம் ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறாராம். யெஸ், நோ, தேங்க்யூ வரைக்கும் சமாளிப்பாராம். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

காரணம் உண்டு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ண நல்லா பாத்துக்கங்க" என்று சொல்லுவாள். என் அம்மா சொன்னாள், என் மாமியாரும் தன் பெண்ணுக்காகச் சொன்னார். அதைச் சொல்லாமல் பெண்ணை அனுப்பினால், அடுப்பை அணைக்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்த மாதிரி எனக்கு ஆயுசுக்கும் மனசு அடித்துக்கொள்ளும். அந்த ஒரு வரியை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லிவிடு என்று மகளிடம் கெஞ்சினேன்.

"நான் என்ன பார்சலாம்மா, பத்திரமா பாத்துக்கங்கன்னு சொல்றதுக்கு? நக்கோ!" என்று ஃபோனை வைத்துவிட்டாள். சிகந்தராபாதில் வளர்ந்த பெண். முடியாது என்று சொல்ல மட்டும் அவளுக்குத் தமிழ் போதாது.

போடி, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே ஃபின்னிஷ் சொல்லித்தரும் ஆப் ஒன்றைப் போனில் இறக்கினேன்.

ஆப் செய்தவனுக்குப் பெண் பிள்ளை கிடையாது போலிருக்கிறது. கரடி வெட்கப்படுகிறது என்று சொல்லிக்கொடுத்தான். வாத்து சவ்னாவில் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தான். சவ்னா என்றால் அவர்கள் வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் நீராவிக் குளியலறை. அதில் வாத்துக்கு என்ன வேலை என்று கேட்க ஆள் இல்லை. தப்பாகச் சொன்னால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வேறு. என் மாமியார்கூட என்னை அப்படிக் குத்திக்காட்டியதில்லை.

மல்காஜ்கிரியிலிருந்து ஜீடிமெட்லாவில் இருக்கும் மருந்து கம்பெனிக்குப் போகிற ஷேர் ஆட்டோவில்தான் பாடம். அந்த மொழியில் எல்லாவற்றையும் அழுத்தி அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் கரடியைப் பற்றி அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த பெண் மெல்ல நகர்ந்து ஆட்டோவின் விளிம்புக்கே போய்விட்டாள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கைக்கு குஸ்ஸா ஹோரே ஆண்ட்டி?" என்று பரிதாபமாகக் கேட்டார். எனக்குக் கோபமில்லையப்பா, கரடிக்குத்தான் வெட்கம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கீழ்வீட்டுத் தெலுங்கு அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போனார். காலையில் சமையலறையில் நான், "அங்க்கா ஓன் ஸௌனாஸ்ஸா" என்று திரும்பத் திரும்பச் சொல்வது அவருக்குக் கேட்டிருக்கிறது. "ஏ ஸ்தோத்ரமண்டி அதி? நாகு கூடா நேர்ப்பண்டி" என்று வந்து நின்றார். எந்த ஸ்தோத்திரம், எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அவ்வளவு பக்தியோடு கேட்பவரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் நல்லபடியாக நடக்கச் சொல்வது என்றேன். அவருக்கும் கல்யாண வயதில் ஒரு பெண். மறுநாளிலிருந்து கீழே தினமும் விளக்கேற்றி, வாத்து சவ்னாவில் இருக்கிறது என்று மனமுருகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நடுவில் சம்பந்தியம்மாளோடு ஒரு வீடியோ கால். நான் ஃபின்னிஷில் வணக்கம் சொன்னேன். அவர் தலையசைத்தார். நன்றி சொன்னேன். தலையசைத்தார். அப்புறம் எங்களையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார். மத்திய அரசின் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கணவருக்கு எதைப் பார்த்தாலும் ரிப்பேராகத்தான் தெரியும். "ஹேங் ஆயிடுச்சு!" என்று கத்திக்கொண்டே போய் ரவுட்டரைப் பிடுங்கிப் போட்டார்.

பிறகு மகள் கூப்பிட்டுத் திட்டினாள். "ஹேங்கும் இல்ல ஒண்ணும் இல்ல. அவங்க சந்தோஷமா இருந்தா அப்படித்தான் பேசாம இருப்பாங்க."

"சந்தோஷமா இருந்தாவா?" என்றார் என் கணவர். முப்பது வருஷக் குடித்தனத்தில் நான் பேசாமல் இருந்த நாளெல்லாம் அவருக்கு எப்படிப்பட்ட நாளோ, பாவம்.

எனக்கு வேண்டிய வாக்கியம் மட்டும் ஆப்பில் கடைசிவரை வரவே இல்லை. போனில் இருந்த மொழிபெயர்ப்பானைக் கேட்டுத்தான் வாங்கினேன். அதைக் குக்கர் விசிலோடு சேர்த்து மனப்பாடம் செய்தேன். மகளிடம் மூச்சுவிடவில்லை.

கல்யாணம் சிகந்தராபாதில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. சம்பந்தியம்மாள் பட்டுப்புடவையும் காலில் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக வந்து எல்லாருக்கும் தலையசைத்தார். தாலி கட்டி முடிந்ததும் கூட்டம் பந்திக்கு ஓடியது. அவர் மட்டும் ஓரமாக ஒரு நாற்காலியில், கையில் ஒரு ஜாங்கிரியை வைத்துக்கொண்டு, அதை எந்தப் பக்கம் கடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இதுதான் சமயம் என்று போனேன்.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். பாகும் சேர்ந்து ஒட்டியது. என் நாக்கு நுனியில் வாத்துதான் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, என் மகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஃபின்னிஷில் சொல்லி முடித்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாக எதையாவது சொல்லிவிட்டேனோ, கரடி கிரடி நுழைந்துவிட்டதோ என்று எனக்கு வியர்த்தது. பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, "மா அப்பாயினி சூஸுகோண்டி" என்றார்.

தெலுங்கு! எங்கள் பையனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்! பிறகு மகள் விசாரித்துச் சொன்னாள்: ஹைதராபாதில் தெலுங்கு பேசுவார்கள் என்று எங்கோ பார்த்திருக்கிறார். அவர் ஊரில் ஒரு தெலுங்கு நர்ஸ் இருக்கிறாளாம். அவளைக் காப்பிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மகனுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டிருக்கிறார். நாங்கள் தமிழர்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எத்தனையோ மண்டபங்களில் பெண்ணைப் பெற்றவர்கள் அந்த வரியைச் சொல்லி அழுததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையைப் பெற்றவள் ஒருத்தி சொல்லி நான் கேட்டதே இல்லை. அவளுக்கும் அப்படி ஒரு பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அலாகேனண்டி" என்றேன். ஆகட்டும் என்று சொல்ல மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருப்பவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஜாங்கிரியைப் பிய்த்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். கையை விடாமல் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

பந்தியிலிருந்து வந்த என் கணவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்னாச்சு? ரெண்டு பேரும் ஹேங் ஆயிட்டீங்களா?"

"இல்லங்க," என்றேன். "சந்தோஷமா இருக்கோம்."