பனித்தரையில் பஞ்சாலை

பஞ்சாலைங்கிற பொண்ணைத் திருடின்னு சொன்ன வாய் எது தெரியுமா? எங்க தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணியோட வாய். பெடாஸுக்கு உள்ளே இருக்கிற ரப்பர் தோட்டம், தொண்ணூத்தஞ்சாம் வருஷம். காலையில பெரட்டுல, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நேரத்துல, அத்தனை பேர் முன்னாடியும், "பாலை வெளியில வித்த திருடி"ன்னு கத்தினாரு. ஆறு வருஷமா பால் ஸ்டோரைக் கழுவிக் காத்தவ அவ. அன்னைக்கே புல்லு வெட்ட அனுப்பிட்டாங்க. நான் நீலாவதி, அவளுக்குப் பக்கத்து வீடு.

நடந்தது இதுதான். கிராணி மகன் கணேசமூர்த்தி கூட்டாளிங்களுக்கு வித்தை காட்டுறேன்னு மோட்டார் சைக்கிளை ஸ்டோருக்குள்ள விட்டான். பால் சிந்தின ஈரத்தரை. நடுவுல பிரேக்கைப் பிடிச்சான், சறுக்கிப் போயி ரெண்டு பால் டிரம்மைக் கவுத்துட்டான். தேத்தண்ணி குடிச்சிட்டு வந்த பஞ்சாலை, அவன் பைப்பைப் பிடிச்சுத் தரையைக் கழுவுறதைக் கண்ணால பார்த்தா. ஆனா அவன், பால் குறைஞ்சதுக்கு இவதான் வெளியில வித்துட்டான்னு அப்பன்கிட்ட முந்திக்கிட்டான். இவ சொன்னதை எவன் கேட்டான்?

"அக்கா, அவன் வாயாலயே சொல்ல வைக்கிறேன்"னா. அழுகை இல்ல. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பயமா இருந்துச்சு.

கணேசமூர்த்தி ஞாயித்துக்கிழமையானா சிரம்பான்ல ஒரு வீடியோ கேம் கடையில கிடப்பான். அடிதடி கேம்ல அவனை ஜெயிக்க ஆளில்லன்னு பெரிய பேரு. எதிராளி குத்த வந்தா ஒரு எட்டு பின்னால குதிப்பான். குத்து காத்துல போகும். உடனே பாய்ஞ்சு உதைப்பான். அவ்வளவுதான் அவன் வித்தை.

நாலு மாசம் பஞ்சாலை ரஹாங்ல இருக்கிற வேற கடைக்குப் போயி பழகினா. நானும் துணைக்குப் போவேன். அந்த கேம்ல சவால் விடுறவங்க திரையில எந்த ஆளை எடுக்கிறாங்களோ, அந்த ஆளோட ஊர்லதான் சண்டை. இவ எடுத்தது ஒரு தொப்பைக்கார மீன்காரன். கை குட்டை, நடை ஆமை. யாரும் சீண்ட மாட்டாங்க. அவன் ஊரு உறைஞ்சு போன ஏரி.

"தரையைப் பாருக்கா. நம்ம ஸ்டோர் மாதிரியே வழுக்குது"ன்னா. அந்தத் தரையில ஓடிட்டு கைப்பிடியை விட்டா ஆளு நிக்காம சறுக்கிக்கிட்டே போவான். சறுக்குறப்ப குத்தினா குட்டைக் கையும் நீளக் கையாயிடும். நிக்கணும்னு நினைக்கிறவன்தான் அங்க விழுவான்.

நாலு மாசம் முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை, ஆளுங்களை மேய்க்கிற மண்டோர் வீரமுத்துவையும் சாட்சிக்குக் கூட்டிக்கிட்டு சிரம்பான் கடைக்குப் போனோம். ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு.

"நீ தோத்தா உண்மையைச் சொல்லணும். நான் தோத்தா, திருடினேன்னு நானே பெரட்டுல ஒத்துக்கிறேன்"னா பஞ்சாலை. நான் அவ கையைப் பிடிச்சு இழுத்தேன். பாவி, ஏண்டி இப்படிப் பேசுறே!

"ஏய், புல்லு வெட்டுறவளுக்கு இதெல்லாம் எதுக்குலா?"ன்னு சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்தான் கணேசமூர்த்தி.

முதல் ரவுண்டு அவனுக்கு. ஆத்திரத்துல இவ வேகமா போயி, அவனைத் தாண்டிச் சறுக்கி முதுகைக் காட்டிட்டா. கூட்டாளிங்க மேசையைத் தட்டினானுங்க. அவ கையைப் பாவாடையில துடைச்சிக்கிட்டா.

ரெண்டாவதுல அவன் வழக்கம்போல பின்னால குதிச்சான். பனியில ஒரு எட்டு நாலு எட்டாச்சு. அங்கேருந்து உதைச்சா கால் எட்டல. மீன்காரன் மெதுவா சறுக்கி வந்து வயித்துல ஒண்ணு விட்டான். மறுபடி குதிச்சான், மறுபடி வாங்கினான். மூணாவதுல நிதானமே போச்சு அவனுக்கு. பாய்ஞ்சு இறங்கின இடத்துல நிக்க முடியாம வழுக்கிக்கிட்டே போனான். இவ பின்னாலயே போயி மொத்தினா. அடி, வாங்குடா, நல்லா வாங்குடான்னு நான் கத்தியே தொண்டை கட்டிப் போச்சு.

கடைசி ரெண்டு ரவுண்டும் இவளுக்குத்தான்.

"சொல்லு"ன்னா பஞ்சாலை.

"சரிலா, நான்தான் மோட்டார்ல விழுந்து கவுத்தேன். இப்ப என்ன?"

பஞ்சாலை மண்டோரைத் திரும்பிப் பார்த்தா. அந்த மனுசன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும்மா. ஜன்னல் வழியா பார்த்தேன். கிராணி மகனாச்சேன்னு..."ன்னு இழுத்தாரு.

எனக்கு வந்த கோபத்துக்கு அறைஞ்சிருப்பேன். பஞ்சாலை என் கையைப் பிடிச்சிக்கிட்டா. "அப்ப நாளைக்குப் பெரட்டுல அவன் பேச வேணாம்யா. நீங்க பேசுங்க. இல்லன்னா, பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்ததை நான் பேசுவேன்."

மறுநாள் மண்டோர் எல்லார் முன்னாடியும் சொன்னாரு. ஒண்ணு விடாம சொன்னாரு. கிராணி மூஞ்சி செத்துப் போச்சு. ஸ்டோர் வேலைக்கு அவ பேரை வாசிச்சப்ப குரல் வெளியவே வரல.

"சத்தமா கூப்பிடுங்கய்யா"ன்னா பஞ்சாலை. "திருடின்னு கூப்பிட்டீங்களே, அந்தச் சத்தத்துல கூப்பிடுங்க."