பதினேழாம் நம்பர் மீன்

மீனுக்கு நம்பர் போடுவது என் வேலை என்றால் யாரும் நம்புவதில்லை. புஜைரா மலைகளுக்கு நடுவே ஓடும் ஓடை ஒன்றில், விரல் நீள இளமீன்களைப் பிடித்து, அரிசிமணி அளவுள்ள கண்ணாடிச் சில்லை வயிற்றுக்குள் வைத்துத் திரும்ப விடுவோம். குளிர்நாடுகளில் சால்மன் குஞ்சுகள் பிழைக்கின்றனவா, எங்கே போகின்றன என்று அறிய உண்டாக்கிய முறை இது. ஓடை குறுகும் இடத்தில் ஒரு கம்பி வளையத்தைப் பதித்திருப்போம். அதைக் கடக்கும் மீனின் நம்பர் கரையிலுள்ள பெட்டியில் பதிவாகும். "மீனுக்கும் எமிரேட்ஸ் ஐடி வந்தாச்சா?" என்று என் கணவர் கேட்காத நாளில்லை.

குளிர்காலக் கடைசியில் பெருமழை பெய்து, வெள்ளம் ஓடையைப் புரட்டிப் போட்டது. பாதை திறந்ததும் போனோம். எங்கள் வண்டியை ஓட்டுபவர் கீழக்கரைக்காரர். நான் 'பாய்' என்றுதான் கூப்பிடுவேன். அறுந்து கிடந்த வளையத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதிதாக ஒன்றைப் பதித்தோம். பெட்டியைப் போட்டதுமே ஒரு நம்பர் வந்தது. பதினேழு.

நான் கத்தியே விட்டேன். பதினேழு எங்களுக்குத் தெரிந்த மீன். நம்பர் போட்ட அன்று என் கையிலிருந்து துள்ளி, பாயின் சட்டைப் பைக்குள் விழுந்த மீன் அது.

"நம்மாளு தப்பிச்சிட்டான் மேடம்!" என்றார் பாய்.

ஒரு வாரம் போயிற்று. பதினேழைத் தவிர வேறு நம்பரே வரவில்லை. என் மேலதிகாரி சென்னைக்காரர், நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

"எத்தனைம்மா?" என்றார்.

"ஒண்ணு சார்."

"ஒரு மீனுக்கு ஒரு வண்டி, ஒரு டிரைவர், ஒரு நீங்க. மத்ததெல்லாம் போயிடுச்சும்மா. வெள்ளிக்கிழமையோட கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. பெட்டியைக் கழட்டி எடுத்துட்டு வந்துடுங்க."

இரண்டு வருட உழைப்பு. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த மீன்கள் வெள்ளம் பார்க்காதவையா? காலம்காலமாக அந்த ஓடையில்தானே கிடக்கின்றன? ஆனால் ஆத்திரத்தை வைத்துக்கொண்டு அறிக்கை எழுத முடியாது.

வியாழன் மாலை முவைலாவில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பதிவுகளை மறுபடி விரித்தேன். எட்டிப் பார்த்த கணவர் சிரித்தார்.

"என்ன, வரிக்கு வரி பதினேழு? இது தூங்காதா, சாப்பிடப் போகாதா? உன்னை மாதிரியே ஒரே இடத்துல நின்னு மல்லுக்கட்டுது."

கோபப்பட வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். உயிருள்ள மீன் ஒரு வாரம் நகராமல் இருக்குமா? பதினேழு செத்துவிட்டது. சில்லு மட்டும் வளையத்துக்குள் சரளைக்கல்லில் புதைந்து, தன் நம்பரையே சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டு சில்லுகள் ஒரே வளையத்துக்குள் இருந்தால் பெட்டியால் பிரித்தறிய முடியாது. மற்ற மீன்கள் போகலாம், வரலாம், ஒன்றும் பதிவாகாது. புது ஆளுக்கும் தெரிந்த பாடம் இது. பதினேழைக் கண்ட சந்தோஷத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. அன்று என்னை நானே திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை காலை வெயில் ஏறுமுன்பே ஓடையில் இறங்கினோம். சில்லு இருந்தால் சத்தமிடும் கைக்கருவியால் தடவி, சத்தம் கேட்ட இடத்தில் சரளையை அள்ளினேன். பாய் வண்டியிலிருந்த சாய் வடிகட்டியைக் கொண்டுவந்தார். பதினோராவது அள்ளலிலோ என்னவோ, வடிகட்டியில் கண்ணாடி மின்னியது.

"நம்மாளா?" என்றார் பாய்.

"ஆமா பாய்."

அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வளையத்துக்கு எட்டாத தூரத்தில் வண்டியருகே போய் நின்றார்.

பெட்டி அமைதியானது. கால் மணி நேரம். அரை மணி நேரம். தண்ணீர் தெளிந்து வந்தது. நான் மூச்சுவிடவும் பயந்து பாறைமேல் உட்கார்ந்திருந்தேன்.

'பீப்.'

நாற்பத்திரண்டு. அடுத்து ஆறு. பிறகு அறுபது, பத்தொன்பது, மறுபடி ஆறு.

"மேடம், வருதா?" என்று பாய் அங்கிருந்தே கத்தினார்.

"வருது பாய்! வருது!"

அவர் அங்கேயே நின்று, இரண்டு கைகளையும் தூக்கி, "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். பைக்குள் பதினேழு இருந்ததால் கிட்டே வந்து பார்க்க முடியாத தவிப்பு அவருக்கு.

பதினொரு மணிக்கு மேலதிகாரி அழைத்தார்.

"பெட்டியைக் கழட்டியாச்சாம்மா?"

"இல்ல சார். கழட்ட மாட்டேன்."

"ஏன்? எத்தனை இருக்கு?"

எதிரே பெட்டி மறுபடி சத்தமிட்டது.

"எண்ணி முடியல சார்," என்றேன். "இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."