நான் நுழைந்ததும் நின்ற பாட்டு

அப்பாவுக்குப் பிறகு நான் நடத்தும் சிவகாசி அச்சகத்துக்குள் நேற்று நுழைந்தேன். தாள் அடுக்கும் மாரியம்மாக்கா செல்போனில் ஓடிய பாட்டைச் சட்டென்று நிறுத்தினார். தினசரி காலண்டரில் ஒரே தேதி இரண்டு தாள்களில் விழுந்து, ஆர்டர் முழுக்கத் திரும்பி வந்திருந்தது.

“அடுக்கும்போதே பாத்தீகளா அக்கா?”

“பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா வள்ளுனு விழுவீக. அப்படியே ஒங்க அய்யா.”

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

விருதுநகர் வீட்டில், தெருமுனையில் அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே அம்மா ரேடியோவை அணைத்துவிடுவாள். சேவு பிழிந்தபடி சிரித்துக்கொண்டிருந்த சித்தி வாயை மூடிக்கொள்வாள். நான் கையில் அகப்பட்ட புத்தகத்தை விரித்துக்கொள்வேன். மையும் மண்ணெண்ணெயும் மணக்க அப்பா உள்ளே வந்து, “நம்ம வீடு எம்புட்டு அமைதியா இருக்கு பாத்தியா” என்பார், பெருமையாக. அம்மாவுக்கு மாதக்கணக்கில் வயிற்றுவலி இருந்ததை அவர் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டார். அதற்குள் எல்லாம் கைமீறியிருந்தது.

அவரைப்போல் ஆகக் கூடாதென்றே நிர்வாகம் படித்தேன். தலைமைப் பண்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறினேன். போன வாரம்கூட, என் அச்சகத்தில் பேச்சுச் சத்தமே இருக்காது என்று தோழியிடம் பீற்றிக்கொண்டேன்.

நாளை மாரியம்மாக்கா பக்கத்தில் உட்கார்ந்து, “வேற என்னக்கா தப்பு பாத்தீக?” என்று கேட்கப்போகிறேன். “ஒண்ணுமில்லம்மா” என்றுதான் சொல்வார். எழுந்து வராமல், துருவிக் கேட்காமல், அவராகச் சொல்லும்வரை அவரோடு சேர்ந்து தாள் அடுக்கப்போகிறேன்.